படித்தது எப்படிப் புரிகிறது? ஓலைச்சுவடி முதல் கைபேசி வரை

“போன் கைக்கு வந்ததிலிருந்து பிள்ளைகளுக்குப் படிப்பே ஏறவில்லை” என்பார் ஒருவர். “ஆளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்துப் பாருங்கள், கல்வி எங்கேயோ போய்விடும்” என்பார் இன்னொருவர். பெற்றோர் கூட்டம், தொலைக்காட்சி விவாதம், டீக்கடை என்று எங்கே போனாலும் இந்த இரண்டில் ஒன்று காதில் விழும். எதிரெதிர்ப் பேச்சாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. அறிவு புத்தகத்திலோ திரையிலோ தயாராக இருக்கிறது, கண் அதை எடுத்து மூளைக்குள் போடுகிறது, ஆகவே கருவி மாறினால் படிப்பும் மாறிவிடும் என்ற நம்பிக்கை.

வாசிப்பு அப்படி நடப்பதில்லை. பக்கத்தில் இருப்பது கோடும் வளைவும்தான். பொருள் உருவாவது வாசிப்பவரின் மனதில். அதற்கு வேண்டிய சரக்கில் பெரும்பகுதி அவரிடம் முன்பே இருந்தாக வேண்டும். இது விளங்கிவிட்டால், ஓலையும் அச்சும் திரையும் நம் படிப்பை எந்த இடத்தில் மாற்றின, எந்த இடத்தைத் தொடவே இல்லை என்று பிரித்துப் பார்க்கலாம். பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

## வானொலியில் ஒரு கிரிக்கெட் வர்ணனை

சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கிறது. வானொலியில் வர்ணனை: “ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே விழுந்த பந்து, மட்டையின் விளிம்பில் உரசி, நேராக முதல் ஸ்லிப்பிடம்!” கிரிக்கெட் தெரிந்தவர், ‘அவுட்’ என்ற சொல் வருவதற்குள் தலையில் கை வைத்துவிடுவார். அவர் மனதில் மைதானமே விரிந்திருக்கிறது. விக்கெட் கீப்பர் எங்கே நிற்பார், ஸ்லிப் எங்கே, பந்து தரையில் படாமல் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், கிரிக்கெட்டே பார்த்திராத பெரியம்மாவின் காதிலும் அதே சொற்கள்தான் விழுந்தன. பந்து, மட்டை, விளிம்பு எல்லாம் தெரிந்த சொற்கள். ஆனாலும் என்ன நடந்தது என்று அவருக்குப் பிடிபடாது. அவர் கேட்டதில் குறை ஒன்றும் இல்லை. கேட்டதை வைத்துப் படம் கட்ட அவரிடம் மைதானம் இல்லை, அவ்வளவுதான்.

வாசிக்கும்போதும் இதுவே நடக்கிறது. வரிகளைப் படிக்கப் படிக்க மனதில் எழும் அந்தப் படத்தை மனச்சித்திரம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் முன்பே நமக்குத் தெரிந்திருப்பது பின்னணி அறிவு. பின்னணி அறிவும் பக்கத்தில் உள்ள சொற்களும் சேர்ந்தால்தான் மனச்சித்திரம் எழும். ‘புரிந்தது’ என்று நாம் சொல்வது அந்தச் சித்திரம் எழுந்துவிட்டதைத்தான்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1988-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 64 பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் விவரிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் வாசிப்பில் கெட்டிக்காரர்கள், சிலர் பின்தங்கியவர்கள். இரண்டு பக்கத்திலும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இருந்தார்கள். படித்து முடித்ததும், ஒரு சிறிய மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். ‘வாசிப்புத் திறன்’ என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதை வளர்த்துவிட்டால் எதைக் கொடுத்தாலும் புரியும் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு ஆட்டிவிட்டது.

நம் பாடப்புத்தகத்தில் வரக்கூடிய ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: “குளத்தில் நீர் வற்றியதால் கொக்குகள் வேறிடம் தேடிச் சென்றன.” கொக்கு ஏன் போனது என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் “தண்ணி இல்ல” என்று சொல்லிவிடும். “தண்ணி இல்லாட்டி கொக்குக்கு என்ன?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். குளத்தங்கரையில் விளையாடிய பிள்ளை, “மீன் செத்துடும்ல, அப்புறம் அது எதைத் திங்கும்?” என்று சொல்லும். அந்த வரியில் மீன் என்ற சொல்லே இல்லை. மீனைக் கொண்டுவந்து போட்டது பிள்ளையின் பின்னணி அறிவு. குளத்தையே பார்க்காத பிள்ளை, கொக்கு தாகத்தால் போனது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இரண்டு பிள்ளைகளும் ஒரு பிழை இல்லாமல் வாசித்திருக்கும்.

## எழுத்துக் கூட்டும்போது நடப்பது

பேச்சு பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடும். எழுத்து வராது. எழுத்து தோன்றி ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்புக்கென்று மூளையில் பிறவியிலேயே ஒரு பகுதி அமைய அந்தக் காலம் போதாது. ஆகவே, பொருள்களையும் முகங்களையும் வடிவம் பார்த்து அடையாளம் காணும் மூளைப் பகுதியில் ஓர் இடம், பயிற்சியால் எழுத்துக்கென்று ஒதுங்குகிறது. ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் என்ற பிரெஞ்சு அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் இதை மூளைப் படங்களில் காட்டினார்கள். பெரியவர்களான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்களிடமும் அந்த மாற்றம் தெரிந்தது. படிப்பு மூளையை மாற்றுகிறது என்பது பேச்சு அலங்காரம் இல்லை.

கண்ணும் நாம் நினைப்பதுபோல வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் இடையே ஏறக்குறைய கால் நொடி நிற்கிறது. எழுத்து தெரிவது அப்படி நிற்கும்போதுதான். பழகிய வாசகர் ஒரு நிறுத்தத்தில் சொல்லை முழுதாகப் பிடித்துவிடுவார். புதிதாகக் கற்கும் பிள்ளை கு, ள, த், தி, ல் என்று ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும்.

அங்கேதான் நெருக்கடி. நாம் இப்போது கையாளும் விஷயத்தைச் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும் நினைவுக்குச் செயல்நினைவு என்று பெயர். அது மிகச் சிறியது. ஒரே சமயத்தில் நாலைந்து துண்டுகளுக்கு மேல் தாங்காது. எழுத்துக் கூட்டுவதிலேயே அது நிரம்பிவிட்டால், ‘சென்றன’வுக்கு வந்து சேரும்போது ‘குளத்தில்’ நழுவிப் போயிருக்கும். “வாசிக்கிறான், ஆனா கேட்டா சொல்லத் தெரியல” என்று ஆசிரியர்கள் வருந்துவதற்கு ஒரு காரணம் இது. அந்தப் பிள்ளை மந்தமும் இல்லை, அலட்சியமும் இல்லை. மூளையில் இடம் காலியாக இல்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் “போயிடுச்சு” என்று பேசிவிட்டுப் புத்தகத்தில் ‘சென்றன’வைச் சந்திக்கிறது. எழுத்தைக் கூட்டி ஒலியைக் கண்டுபிடித்த பிறகும், அந்த ஒலி தன் காதுக்குப் பழகிய சொல்லாக இருப்பதில்லை. கதை படித்துக் காட்டி வளர்த்த பிள்ளைகளுக்கு இந்த எழுத்துத் தமிழ் பள்ளிக்கு வரும் முன்பே காதில் ஏறியிருக்கும். மற்றப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டியது பள்ளிதான்.

1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு வாய்ப்பாடாகவே சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். ஒன்று சுழி என்றால் விடையும் சுழி. இந்தி எழுத்து மட்டும் கற்றவர் ரயில் நிலையத்து அறிவிப்பை உரக்க வாசிப்பார், ஒன்றும் விளங்காது. தமிழ் நன்றாகப் பேசுகிறவர் எழுத்துத் தெரியாவிட்டால் பேருந்துப் பலகையைக்கூடப் பிறரிடம் கேட்பார்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022-இல் தமிழ்நாடு அரசு முதல் மூன்று வகுப்புகளுக்குக் கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், இந்தப் பெருக்கலின் முதல் எண்ணைப் பெரிதும் கவனித்தது. சரியான இடத்தில் கை வைத்தார்கள் என்பேன். இரண்டாவது எண் அதோடு தானாக வளர்ந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறிவியலும் சமூக அறிவியலும் கதையும் உலக நடப்பும் அதற்குத்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். எழுத்துக் கூட்டுவது பழகிப் பழகித் தானாக நடக்க வேண்டும். அப்போதுதான் செயல்நினைவில் இடம் கிடைக்கும். கிடைத்த இடத்தில் பின்னணி அறிவு வந்து உட்கார்ந்து மனச்சித்திரம் கட்டும். இனி, இந்த வேலைகளில் எதை எந்தக் கருவி தன் தலையில் ஏற்றுக்கொண்டது என்று பார்க்கலாம்.

## ஓலை: பாதிப் பொருள் வாசகரிடம்

ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதும் இல்லை. ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும். ‘கொடு’வும் ‘கோடு’ம் அப்படியே. நெடிலைக் காட்டும் காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. நெருப்பா, நீர்நிலையா என்று முடிவு செய்ய வேண்டியவர் வாசகர். அதற்குச் செய்யுளின் போக்கும் யாப்பும் கதையும் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்துக் குழப்பத்தைத் தீர்த்தது 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் மனப்பாடத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். ஆத்திசூடி, எண்சுவடி, நிகண்டு எல்லாம் நெட்டுரு. நிகண்டு என்பது செய்யுள் வடிவில் உள்ள சொற்பொருள் நூல்; அந்தக் காலத்து அகராதி. எதுகையும் மோனையும் இருந்ததால் மனதில் நின்றது. ஒரு சுவடியைப் படியெடுக்க நாள்கணக்கில் உழைக்க வேண்டிய காலத்தில், நூலை வைத்திருக்க மிக மலிவான இடம் மனிதனின் தலை. அதை மூடத்தனம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் காலத்துக் கருவிக்குப் பொருத்தமான கல்வி அது. பொருளைத் தந்தது ஆசிரியரின் வாய். மாணவர் பாடம் கேட்டார்.

ஆனால் தலை நிறைய நூல்கள் இருந்தாலும், உரிய பின்னணி அறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு உ.வே.சாமிநாதையரே சாட்சி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1880-இல் அந்த ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பட்டியலிட்டார். முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டு, பிறகு ஒரு கையெழுத்துப் பிரதியையும் கொடுத்தார். திறந்து படித்தால் ஓடவில்லை. தமிழகத்தில் அவரைப்போலத் தமிழ் கற்றவர்கள் மிகச் சிலர், அவருக்கே பிடிபடவில்லை. அது சமணக் காப்பியம். அவர் கற்றதோ சைவச் சூழலில். அவர் செய்தது என்ன? கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போனார். அந்த நூலைத் தங்கள் சமய நூலாகப் படித்து வந்தவர்கள் அவர்கள். கதையையும் கோட்பாட்டையும் வழக்கங்களையும் அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் வரிகள் வாய் திறந்தன. 1887-இல் சிந்தாமணி, நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வந்தது.

அந்தப் பேஸ்பால் ஆய்வுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கும்பகோணத்துத் தெருக்களில் இது நடந்திருக்கிறது. எவ்வளவு பெரிய புலமை, அதிலும் எவ்வளவு பணிவு!

## அச்சு: எல்லாருக்கும் ஒரே பக்கம்

தமிழ் அச்சேறியது சீக்கிரம். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சானது. 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் அச்சகம் வந்தது. ஆனாலும் இந்தியர்கள் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ள 1835 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகே நூல்கள் பெருகின.

அச்சு எழுத்துக் கூட்டும் வேலையை எளிதாக்கியது. புள்ளி வந்தது, சொற்கள் பிரிந்தன, பத்தி வந்தது. பக்க எண்ணும் பொருளடக்கமும் தேடும் வேலையை ஏற்றுக்கொண்டன. “எல்லாரும் 42-ஆம் பக்கத்தைத் திறங்கள்” என்று ஓர் ஆசிரியர் நாற்பது பிள்ளைகளிடம் சொல்வது அச்சு இல்லாமல் நடக்காத காரியம். இன்றைய வகுப்பறையே அச்சின் பிள்ளை.

நூலைத் தலையில் சுமக்க வேண்டிய தேவை இத்தோடு தீர்ந்தது. நம் தேர்வுமுறை மட்டும் அதைக் கேள்விப்படாததுபோல, நோட்ஸில் உள்ள விடையை வரி மாறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: “மனப்பாடமே கூடாது” என்ற பேச்சும் அதே அளவுக்குத் தளர்வானது. வாய்ப்பாடும் ஆண்டுகளும் குறளும் மனதில் இருந்தால் அவை பின்னணி அறிவாக நின்று அடுத்த பாடத்துக்குக் கை கொடுக்கும். பொருள் தெரியாமல் உருப்போட்டது எதோடும் ஒட்டாமல் தேர்வு முடிந்ததும் உதிர்ந்துவிடும்.

## திரை: குறை கண்ணாடியில் இல்லை

சரி, கைபேசிக்கு வருவோம். ஸ்பெயினைச் சேர்ந்த பாப்லோ தெல்காதோவும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல், தாளையும் திரையையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லா ஆய்வுகளிலும் சேர்த்து 1,70,000 பேருக்கு மேல் பங்கெடுத்திருந்தார்கள். செய்தி சொல்லும், பாடம் நடத்தும் எழுத்தைத் தாளில் படித்தவர்கள் சற்று நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கதையில் அந்த வேறுபாடு இல்லை. வேறுபாடு சிறியதுதான், ஆனால் இருக்கிறது.

ஏன்? எழுத்து அதே எழுத்து. இஸ்ரேலில் ராகெஃபெட் அக்கர்மன், மோரிஸ் கோல்ட்ஸ்மித் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு தடயம் கிடைக்கிறது. எவ்வளவு நேரம் படிப்பது என்பதை மாணவர்களின் விருப்பத்துக்கே விட்டபோது, திரையில் படித்தவர்கள் தங்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டதாகக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். சோதனையில் குறைவாக வாங்கினார்கள். தனக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று கணிப்பதைத் தன்கணிப்பு என்போம். திரையில் அந்தக் கணிப்பு பிசகுகிறது. விரலால் தள்ளித் தள்ளி மேலோட்டமாகப் பார்க்கும் பழக்கத்தைக் குறுஞ்செய்தியிலிருந்தும் சமூக ஊடகத்திலிருந்தும் பாடத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறோம் என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம். நடுவில் ஓர் அறிவிப்பு மணி அடித்தால் செயல்நினைவில் இருந்த நாலு துண்டில் இரண்டு போய்விடும். நீளமாக உருண்டு போகும் பக்கத்தில், “இது இடது பக்கம் கீழே இருந்ததே” என்ற இட நினைவுக்கும் வழியில்லை.

திரை கொடுப்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தால் சங்க இலக்கியம் உலகின் எந்த மூலையிலும் இலவசமாகத் திறக்கிறது. பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்கலாம், பார்வையற்றவர் செவியால் கேட்கலாம். நிகண்டு மனப்பாடம் செய்தவர் தேடியதை இன்று ஒரு நொடியில் தேடலாம். ஆனால் எதைத் தேடுவது என்று தெரியவும், வந்த பத்து விடைகளில் எது தேறும் என்று பார்க்கவும் பின்னணி அறிவுதான் வேண்டும். தேடுபொறி நினைவின் சுமையைக் குறைக்கும். மனச்சித்திரத்தைக் கட்டித் தராது.

செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கமும் அப்படியே. ஒரு பாடத்தில் எது முக்கியம், எது உதாரணம், எது விளக்கம் என்று பிரிக்கும்போதுதான் சித்திரம் எழுகிறது. அந்தப் பிரிக்கும் வேலையை வேறொன்று செய்து முடித்துக் கொடுத்தால், துறை தெரிந்தவருக்கு நேரம் மிச்சம். புதிதாகக் கற்கும் பிள்ளைக்குக் கற்கும் வாய்ப்பே மிச்சமில்லை. இந்த வேறுபாட்டைப் பள்ளிகள் மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுருக்கமாக: ஓலை ஏறத்தாழ எல்லா வேலையையும் வாசகரிடம் விட்டது. அச்சு, எழுத்தைத் தெளிவாக்கித் தேடலை எளிதாக்கியது. திரை தேடலை நொடியாக்கியது, கூடவே அவசரத்தையும் கொண்டுவந்தது. பொருள் கட்டும் வேலையை எந்தக் கருவியும் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

## மூடி வைத்துவிட்டுச் சொல்வது

நம் வீடுகள் பலவற்றில் இருப்பது ஒரே ஒரு கைபேசி. பாடம் வருவது அதில் பிடிஎஃப் கோப்பாக. “தாளில்தான் படிக்க வேண்டும்” என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது நியாயமில்லை. அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, போனைப் படுக்கை வசமாகத் திருப்பி, ஒரு பக்கம் முடிந்ததும் நிறுத்தி, நோட்டில் இரண்டு வரி எழுதினால் திரையின் அவசரம் பெருமளவு குறையும்.

இதைவிட வலுவான வழி ஒன்று உண்டு. 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களை ஒரு பகுதியைப் படிக்க வைத்து, ஒரு சாராரை மறுபடி படிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதியவர்களுக்கே கூடுதலாக நின்றது. இதற்கு நினைவுகூரல் பயிற்சி என்று பெயர். திரும்பத் திரும்பப் படிப்பது ‘தெரியும்’ என்ற உணர்வைத் தரும்; மூடிவிட்டுச் சொன்னால்தான் எது தெரியாது என்பது வெளியே வரும். தாளானாலும் திரையானாலும், பிசகிய தன்கணிப்பைத் திருத்த இது உதவும்.

இதற்குச் செலவு இல்லை. வீட்டில் கேட்பவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அடுப்பங்கரையில் வேலையாக இருக்கும் அம்மா, “இன்னைக்கு என்ன படிச்சே, எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு” என்று கேட்டால் போதும். புத்தகத்தின் ‘சென்றன’வைப் பிள்ளை தன் பேச்சுத் தமிழுக்கு மாற்றியாக வேண்டும்; மனச்சித்திரம் இல்லாமல் அந்த மாற்றம் நடக்காது. நடுவில் தடுமாறி நின்றால், திரும்பத் திறந்து பார்க்க வேண்டிய இடம் எது என்று அதற்கே தெரிந்துவிடும்.